செம்பனை நிழலில் ஓர் ஆப்பிரிக்கக் குழம்பு

மலாக்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் ஆப்பிரிக்கக் கோழிக் குழம்பு வைக்க நினைத்தால் பொருளுக்காக ஊர் சுற்ற வேண்டியதில்லை. தக்காளி கேமரன் மலையிலிருந்து இறங்கிச் சந்தையில் குவிந்து கிடக்கிறது. வெங்காயமும் மிளகாயும் பூண்டும் இல்லாத வீடு இல்லை. கோழிக்கும் வெண்டைக்காய்க்கும் பஞ்சமில்லை. தேடிப்போய் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நிறம் போக்காத, சிவப்பான செம்பனை எண்ணெய். ஜாசினிலோ மெர்லிமாவிலோ பத்தாங் மலாக்காவிலோ வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். அந்த மரத்தின் எண்ணெய்தான் வீட்டில் இல்லை.

இல்லையென்றும் சொல்ல முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இருக்கிறது, அரசு மானியத்தில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்படுவது. அதுவும் செம்பனைதான். ஆனால் ஆலையில் 200 டிகிரிக்கும் மேலான சூட்டில் மணத்தைப் போக்கி, களிமண்ணில் வடித்து, சிவப்பை முழுக்க எடுத்துவிட்டபின் வருவது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை; எதைப் பொரித்தாலும் அதன் ருசியைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். செம்பனைக்கென்று ஒரு ருசி உண்டு என்பதே தோட்டத்து ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒரு மரத்தை நட்டு, உரம் போட்டு, குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி, மூன்று தலைமுறை அதன் நிழலிலேயே வாழ்ந்தும், அதன் எண்ணெய் நாக்கில் எப்படி இருக்கும் என்று அறியாமல் இருந்துவிட முடியுமா? முடிந்திருக்கிறது. ஒரு குழம்பைச் சமைக்கப் போகும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது என்பதற்காக இதைச் சமையல் சங்கதி என்று தள்ளிவிட முடியவில்லை.

முதலில் குழம்பைப் பார்த்துவிடலாம்.

ஆப்பிரிக்கக் குழம்பு என்று ஒரே குழம்பு கிடையாது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் வைக்கும் ‘ஒபே அத்தா’வுக்குத் தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், காரமிளகாய், வெங்காயம் நான்கையும் அரைத்து, வற்றவைத்து, எண்ணெயில் வதக்குவார்கள். செனகல், மாலி பக்கம் போனால் தக்காளிக் குழம்பில் அரைத்த வேர்க்கடலை சேரும். அதை ‘மாஃபே’ என்பார்கள். கொங்கோவிலும் அங்கோலாவிலும் ‘முவாம்பா’: கோழியும் தக்காளியும் செம்பனைப் பழச் சாறும். அங்கோலாவில் வெண்டைக்காயும் விழும். மலாக்காத் தமிழருக்கு இதில் எதுவும் தொலைவானதில்லை என்றாலும், முதல் தடவை ஒபே அத்தாவின் முறையில் தொடங்கி, எண்ணெயை மட்டும் முவாம்பாவிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. நைஜீரியாவிலும் சிவப்பு எண்ணெயில் இதை வைப்பவர்கள் உண்டு, குற்றமில்லை.

கோழி முற்றலாக இருக்க வேண்டும். பண்ணைக் குஞ்சு இந்தக் குழம்பில் கரைந்து நாராகிவிடும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியைத்தான் அங்கே தேடி வாங்குகிறார்கள்; இங்கே சந்தையில் மலாய்க்காரர் அதை ‘ஆயாம் பென்சேன்’ என்று விற்பார், பென்சன் வாங்கிய கோழி. கம்போங் கோழியும் ஆகும். வெங்காயம், தைம் இலைத்தூள், உப்பு, ஒரு சூப்புக் கட்டி, ஒரு தேக்கரண்டி கறித்தூள் போட்டு வேகவைத்து, தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டு, கறியைத் தனியே பொரித்தோ சுட்டோ வைக்க வேண்டும். கறித்தூளா என்று புருவம் தூக்க வேண்டாம். மதராசின் மசாலாவை வெள்ளைக்காரன் டப்பாவில் அடைத்துத் தன் சாம்ராஜ்யமெங்கும் விற்றான். லாகோசின் அடுக்களையில் அது குடியேறி வழக்கமாகிவிட்டது. அந்தக் குழம்பில் நமக்குச் சொந்தமான வாசனை ஒன்று முன்பே இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக.

அரைத்த விழுதை எண்ணெய் விடாமல் முதலில் தனியே கொதிக்கவிட வேண்டும். தமிழ்க் கை அவசரப்படுகிற இடம் இது. விழுது ஆரம்பத்தில் இளஞ்சிவப்பாய் நுரைத்துப் பச்சை வாசம் அடிக்கும், புளிப்பு மூக்கில் ஏறும். மூடாவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும். அரைமணி நேரம் கழித்து நுரை அடங்கி, நிறம் இருண்டு, அகப்பையால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு கோடாகத் தெரிந்து மெல்ல மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் குவாலியில் சிவப்பு எண்ணெய் காய வேண்டும். நாலு மேசைக்கரண்டி போதும். சூட்டில் அது இளகும்போது எழும் மணம் நல்லெண்ணெயின் மணமும் இல்லை, தேங்காயெண்ணெயின் மணமும் இல்லை. மண்ணும் கேரட்டும் கலந்ததுபோல ஒரு கனம். நறுக்கிய வெங்காயம் அதில் செம்மஞ்சளாகிவிடும். துணியில் பட்டால் கறை போகாது. விழுதைக் கொட்டினால் எண்ணெயை மொத்தமாகக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும், பிறகு விளிம்போரமாகத் திருப்பித் தரத் தொடங்கும். எண்ணெய் பிரிவதுதான் பதம் என்பதை எந்தத் தமிழ்ச் சமையற்காரருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு கோழியும் வேகவைத்த தண்ணீரும். கால் மணி நேரம்.

இதில் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பதுதான் சிரமம். கறிவேப்பிலை கிடையாது. சோம்பு, பட்டை கிடையாது. தேங்காய்ப்பால் கிடையவே கிடையாது. தாளிக்கக் கடுகை எடுத்த கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ‘நம்ம ருசிக்கு மாற்றிக்கொள்ளலாமே’ என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். மாற்றினால் தவறொன்றுமில்லை, ஆனால் முதல் முறையே மாற்றினால் சட்டியில் இருப்பது நாம் வழக்கமாக வைக்கும் கோழிப் பெரட்டல்தான், பெயர் மட்டும் வேறு. அடுத்தவர் சொல்வதை முழுக்கக் கேட்பதற்கு முன்பே ‘இது எங்கள் ஊரிலும் உண்டு’ என்று குறுக்கிடும் பழக்கம் பேச்சில் இருப்பதுபோல் சமையலிலும் இருக்கிறது. இரண்டாம் முறை சில்லி பாடியைக் கூட்டிக்கொள்ளட்டும், மூன்றாம் முறை கறிவேப்பிலை போடட்டும். முதல் முறை அவர்கள் சொன்னபடி.

எண்ணெய்க்குத் திரும்புவோம். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கே கன்றுகளின் வம்சம்தான் சுமத்ராவுக்கும் பிறகு மலாயாவுக்கும் பரவியது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே முதல் வணிகச் சாகுபடியைத் தொடங்கினார். மலாக்காவுக்கு இந்த மரம் வந்தது மூன்றாவது பயிராக. முதலில், 19ஆம் நூற்றாண்டில், சீன முதலாளிகள் மரவள்ளி போட்டுக் காட்டை அழித்தார்கள். மரவள்ளி பிறந்த மண் தென் அமெரிக்கா. தான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில். அது பிரேசில் மரம். அந்த ரப்பருக்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். பெரட்டுக் களமும் லயமும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அப்படி வந்தவை. 1960களுக்குப் பிறகு பால்மரம் விழ விழ அந்த இடத்தில் செம்பனை எழுந்தது. மூன்று முறை பயிர் மாறியும் மலாக்காவின் வயிற்றுப்பாடு வெளியூர்ச் செடியைவிட்டு நகரவில்லை. இதில் எதுவும் ‘அந்நியம்’ என்று யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. சம்பளம் தருகிற எதுவும் அந்நியமாகத் தோன்றுவதில்லை போலும்.

செம்பனையில் காய் பிடிக்கவே ஒரு காலத்தில் கைவேலை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் அதற்கு மகரந்தம் சேர்த்த பூச்சி இங்கே கிடையாது. ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் பவுடருடன் கலந்து, முள்ளுக்கு நடுவே இருக்கும் பெண்பூவின்மேல் ஊதிவிட வேண்டும். இந்த வேலையில் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மரத்துக்கு மரம் நின்று, ஓலை முள்ளை விலக்கி, முகத்தில் தூள் அடிக்க ஊத வேண்டும். பின்னர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே மரத்தோடு வாழும் ஒரு சின்ன வண்டைக் கண்டறிந்தார். 1981இல் அது கொண்டுவரப்பட்டு ஜொகூர் தோட்டம் ஒன்றில் முதலில் விடப்பட்டது. சீக்கிரமே தீபகற்பம் முழுக்கப் பரவி, காய்ப்பைப் பெருக்கிவிட்டது. ஊதுகிற வேலைக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. செம்பனையின் வரலாறு இந்த வண்டை வெற்றிக்கதையாகத்தான் எழுதும், எழுதவும் வேண்டும். கூலிக்கு ஊதிய பெண்களைப் பற்றி ஓரிரு வரியாவது அதில் சேர்ந்தால் கணக்கு நேராகும்.

ஆக, மரம் ஆப்பிரிக்கா, பூச்சி ஆப்பிரிக்கா, உழைப்பு தமிழருடையது, ருசி மட்டும் கப்பலேறிவிட்டது.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசியும் தேங்காயெண்ணெயும் எட்டாக்கனியானபோது சிவப்பு எண்ணெய் சட்டிக்கு வந்தது. சிங்கப்பூர் சாங்கியில் அடைபட்டிருந்த போர்க் கைதிகளின் உணவுப் பங்கிலும் அது இருந்தது. அரிசியின் இடத்தில் மரவள்ளி. கொங்கோவிலும் நைஜீரியாவிலும் இந்தக் குழம்புக்குத் தோதாக உருட்டித் தின்னும் களியும் பெரும்பாலும் மரவள்ளியில் செய்ததுதான். அப்படியானால் பஞ்சத்தில் மலாயாத் தோட்டத்து வீடுகளில் ஓர் ஆப்பிரிக்கச் சாப்பாட்டின் பாதி தற்செயலாகவே அமைந்திருக்கிறது. ஆனால் பசிக்காகத் தின்றது பிடித்துப்போவதில்லை. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிமார் மரவள்ளியைப் பார்த்தாலே ‘ஜப்பான்காரன் காலத்துல தின்னது போதும்’ என்று நகர்ந்துவிடுவார்கள். சிவப்பு எண்ணெய் சமாதானம் வந்ததும் சட்டியைவிட்டுப் போனதற்கும் இந்த மனக்கசப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உருசி என்பதில் பாதி நினைவுதானே. நல்ல நினைவு இல்லாத சாப்பாட்டை எத்தனை வைட்டமின் சொல்லியும் திரும்பக் கூப்பிட முடியாது. கரோட்டினோ என்ற பெயரில் மலேசியாவிலேயே சிவப்புச் செம்பனை எண்ணெய் போத்தலில் வருகிறது, கண்ணுக்கு நல்லது என்கிறார்கள், கரோட்டின் அதில் ஏராளம் என்பதும் உண்மை. பேரங்காடியில் அது நிற்பது உடம்புக்கு நல்லது என்ற பெயரில்தான், ருசியின் பெயரில் அல்ல.

எண்ணெயே வாங்காமலும் செய்யலாம். கொங்கோப் பெண்கள் பழத்தை அவித்து, உரலில் குத்தி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, நாரையும் கொட்டையையும் வடித்தெடுத்த கெட்டிச் சாற்றில்தான் முவாம்பா வைக்கிறார்கள். உரலும் உலக்கையும் தெரிந்த சமூகம் இது, பழம் கைக்கெட்டும் தூரத்தில். கம்பெனித் தோட்டத்து உதிரிப் பழத்தை எடுத்தால் காவலாளி விடமாட்டார், அது வேறு விஷயம். சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருக்கிற சிறுதோட்டக்காரருக்கு அந்தத் தடையும் இல்லை. பழத்தை லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கி வருகிறார் அவரும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததெல்லாம் இப்படி வாசலிலேயே நின்றுவிடவில்லை. புளி அங்கிருந்து வந்தது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர், கம்பு சகாரா ஓரத்தது, சோளமும் தட்டைப்பயறும் அந்தக் கண்டத்தவை. மூவாயிரம் ஆண்டுக்கும் முன்பே இந்தியாவுக்கு வந்து, இன்று ‘பாரம்பரியச் சிறுதானியம்’ என்று பெருமையோடு கல்யாணப் பத்திரிகையின் விருந்துப் பட்டியலில் ஏறுகின்றன. தக்காளியும் மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்காவின் சரக்கு. போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் இல்லாவிட்டால் ஆப்பிரிக்கக் குழம்பும் சிவந்திருக்காது, நம் குழம்பும் சிவந்திருக்காது. அந்தக் கப்பல்கள் 1511இல் மலாக்காவைப் பிடித்து 1641வரை வைத்திருந்தன. அங்கோலாவும் மொசாம்பிக்கும் கோவாவும் மக்காவும் அதே கொடியின் கீழ். ஊஜோங் பாசிர் போர்ச்சுக்கீசியக் குடியிருப்பில் கிறிஸ்துமசுக்குச் சமைக்கும் ‘தெபால்’ கறியில் காடி, கடுகு, காய்ந்த மிளகாய், புவா கெராஸ் எல்லாம் சேர்கின்றன; எது எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று இனிப் பிரிக்க முடியாது. காஜா பேராங் கம்போங் செட்டியில் சுல்தான்கள் காலத்துத் தமிழ் வணிகர்களின் சந்ததியினர் மலாய் பேசுகிறார்கள், சைவக் கோயிலுக்குப் போகிறார்கள், முன்னோருக்கு இடும் ‘பார்ச்சு’ படையலில் மலாய்ப் பக்குவத்துப் பண்டங்களும் வைக்கிறார்கள். படையலில் ஏறிவிட்ட பிறகு அது யாருடைய சாப்பாடு என்று கேட்பதில் பொருளில்லை.

கோழியைத் தனியே பொரித்துத் தக்காளியிலும் மிளகாயிலும் புரட்டுகிற ‘ஆயாம் மாசாக் மேரா’ இல்லாமல் மலாய்க் கல்யாணம் ஏது? மலாக்காத் தமிழர் அதை எத்தனை பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒபே அத்தாவிலிருந்து அதைப் பிரிப்பது எண்ணெயும் தைமும் கொஞ்சம் இனிப்பும்தான்.

இன்னும் கிட்டத்து உறவும் உண்டு. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து டர்பனுக்கும் போனார்கள், மலாயாவுக்கும் வந்தார்கள். டர்பன் தமிழரின் கோழிக்கறி தக்காளி தூக்கலாக, செக்கச்செவேலென்று இருக்கும், அந்த ஊருக்கே அது அடையாளம். தக்காளியில் கோழி சமைக்கும் ஆப்பிரிக்கத் தமிழர் ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறார்கள். இங்கே வந்தவர் தேங்காய்ப்பாலுக்கு மாறினார், அங்கே போனவர் தக்காளிக்கு மாறினார்.

சரக்குக்கும் செடிக்கும் வண்டுக்கும் வழிவிட்ட ஊர், மனிதர் வந்தபோது தயங்கியது. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் 1990களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களும் அங்கே படிக்க வருகிறார்கள், சுற்றுவட்டாரத்து வாடகை வீடுகளில் தாங்களே பொங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்கர் என்றாலே மோசடி, போதை என்று முடிவுகட்டும் பேச்சு மலேசியாவில் புதிதல்ல. 2013இல் பெட்டாலிங் ஜெயா வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில் ஆப்பிரிக்கருக்கு வீடு வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்தது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. அந்தப் பேச்சில் தமிழரும் கலந்துகொள்வதுதான் வேதனை. தோல் நிறத்தைச் சொல்லிப் பள்ளியிலும் பஸ்ஸிலும் ஏச்சு வாங்கியவர்கள், வாடகைக்கு வீடு கேட்டு ‘இந்தியருக்கு இல்லை’ என்ற பதிலைக் கேட்டவர்கள், அதே அளவுகோலை இன்னும் கறுப்பான ஒருவர்மேல் வைக்கிறார்கள். அனுபவம் மனிதரை இளகவைக்கும் என்று நம்புவது வழக்கம். பல நேரம் அது வரிசையில் தனக்கு அடுத்து நிற்பவரை மிதிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறது.

ஒரு குழம்பு இதை மாற்றிவிடும் என்று சொன்னால் அது விளம்பர வாசகமாகிவிடும். சப்பாத்தி தின்கிறவர்கள் எல்லாம் வடக்கத்தியரை நேசிக்கவில்லை. தோசைக்கு வரிசையில் நிற்கிற சீனர்கள் எல்லாம் தமிழருக்கு வீடு தந்துவிடவுமில்லை. நாக்கு ஒரு பக்கம் போகும், மனம் தன் பாட்டுக்கு இருக்கும். ஆனாலும் இந்தக் குழம்பு விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. புத்தகம் பார்த்தோ காணொளி பார்த்தோ வைத்தால் பதம் சரியா என்று தெரியாது. விழுது போதுமான அளவு வற்றியதா, தைம் கூடிவிட்டதா, சில்லி பாடியின் காரம் அங்கத்து மிளகாயின் மணத்துக்கு ஈடாகுமா, சிவப்பு எண்ணெயை இன்னும் கொஞ்சம் காயவிட்டிருக்க வேண்டுமா என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து அதைச் சாப்பிட்டவருக்குத்தான் தெரியும். அவர் புக்கிட் பெருவாங்கில், இரண்டு தெரு தள்ளி, மாடி வீட்டில் இருக்கிறார். குழம்பைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போய்க் கேட்டுவிடலாம். ‘உப்பு பத்தலை அண்டி, கோழியும் இன்னும் கொஞ்ச நேரம் பொரியணும்’ என்று அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.